இரண்டு மாடிக் கண்ணாடிக்கு எந்தக் கம்பு?

மன்னார்குடியில் புதிதாகக் கிளீனிங் வேலை எடுத்துச் செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: துணிக்கடை, மருத்துவமனை, கல்யாண மண்டபம் என்று தரைத்தளமும் முதல் மாடியும் கண்ணாடி போட்ட கட்டடங்கள் கிடைக்கின்றன. எதற்கும் இருக்கட்டும் என்று 30 அடிக் கம்பு ஒன்றை இப்போதே வாங்கிவிடலாமா? பெயிண்ட் கடையில் ரோலருக்கு விற்கும் இழுப்புக் கம்பை மாற்றி வைத்துக்கொண்டால் போதாதா? தண்ணீர் மேலேறும் கம்பு என்கிறார்களே, அது நம் பக்கத்துத் தண்ணீருக்குச் சரிப்படுமா?

தம்பி, 30 அடி வேண்டாம். பெயிண்ட் கடைக் கம்பு ஆகும், ஆனால் நுனியில் கொஞ்சம் வேலை இருக்கிறது. மூன்றாவது கேள்விக்குத் தண்ணீரை அளந்து பார்க்காமல் பதில் கிடையாது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தஞ்சாவூரில் 16 வருடமாக இதே வேலை. ஆரம்பத்தில் என்னிடம் இருந்தது கொல்லையில் மாங்காய் பறிக்க வைத்திருந்த தொரட்டி. கொக்கியை அவிழ்த்துவிட்டு, கண்ணாடியில் தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் வைப்பரைக் கட்டிக்கொண்டேன். கல்மூங்கில்; குளத்தில் ஊறப்போட்டுக் காயவைத்தது, வண்டு அரிக்காது. 12 அடி நீளத்துக்கு அது வளைந்தது, பிறகு காசு கொடுத்து வாங்கிய முதல் அலுமினியக் கம்பு வளைந்ததைவிடக் குறைவு. நீளத்தைக் கூட்ட முடியாது, குறைக்க முடியாது, டவுன் பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் இறக்கிவிடுவார், அவ்வளவுதான் அதன் குறை.

முதலில் உயரக் கணக்கு. 'இரண்டு மாடி' என்று சொன்னதும் ஆளாளுக்கு ஒரு நீளம் சொல்வார்கள். டேப் எடுத்துப் பாருங்கள். நம் பக்கம் வெள்ளத்துக்குப் பயந்து அடித்தளத்தை 2 அடி தூக்கித்தான் கட்டுவார்கள். அதற்கு மேல் ஒரு தளம் பத்தரை அடி. முதல் மாடியில் கண்ணாடியின் மேல் விளிம்பு லிண்டல் மட்டத்தில், 7 அடி. கூட்டினால் பத்தொன்பதரை அடி. கம்பின் அடியைப் பிடிக்கும் உங்கள் கை இடுப்புக்கு மேல் 3 அடியில் இருக்கும். மிச்சம் பதினாறரை. நீங்கள் சுவரோடு ஒட்டி நிற்க மாட்டீர்கள், ஒரு 4 அடி தள்ளி நிற்பீர்கள். அந்தச் சாய்வுக்கு அரை அடி சேர்த்தால் 17 அடி. ஆக, 18 அடிக் கம்பு ஒன்று சாதாரண முதல் மாடியைத் தாராளமாகத் தொடும். கீழே ஷோரூம் இருந்து தளம் 13, 14 அடியாக இருந்தால்தான் இது பற்றாது. அப்படிப்பட்ட கட்டடம் ஊருக்கு நாலு இருக்கும். அதற்காகத் தினம் 30 அடியைச் சுமக்க வேண்டியதில்லை.

சுமப்பது என்றால் தோளில் சுமப்பதைச் சொல்லவில்லை. நிமிர்த்தி வைத்த கம்பின் எடை நேராகக் கீழே இறங்கிவிடும், அது பெரிய பாரமில்லை. சாய்க்கும்போதுதான் வேடிக்கை. 4 மீட்டர் கம்பைப் படுக்கையாகப் பிடித்து, முன்கையை அடியிலிருந்து 1 மீட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் அரைக் கிலோ வைப்பர் இருந்தால், அதைச் சமன் செய்யவே பின்கை ஒன்றரைக் கிலோ கீழே அழுத்த வேண்டும். கம்பின் சொந்த எடை தனி. நுனியில் கூடும் ஒவ்வொரு 100 கிராமும் தோள்பட்டையில் மூன்று மடங்காக வந்து உட்காரும். சாயங்காலம் கையைத் தூக்கிச் சட்டை கழற்ற முடியவில்லை என்றால் காரணம் நுனி.

வளைவும் அப்படித்தான். ஒரே குழாய், ஒரே எடை. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் நுனி எட்டு மடங்கு வளையும். குழாயின் சுவர் அதே கனத்தில் இருக்க, விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு கூடும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டியதே இல்லை. கையில் பிடிக்கச் சுகமாக இருக்கிறது என்று மெல்லிய கம்பை எடுப்பவர்கள் 15 அடியில் தூண்டில் பிடித்தவர் மாதிரி நிற்பார்கள். வைப்பர் கண்ணாடியை விட்டு விட்டுத் தொடும், தொட்ட இடமெல்லாம் கோடு.

பொருள் என்று பார்த்தால் நம் வேலைக்கு அலுமினியமே போதும். 32 மில்லிமீட்டர் விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் சுவர் உள்ள குழாய் மீட்டருக்கு 390 கிராம் சுமார். அதற்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று மூன்று துண்டு போட்டு 18 அடி செய்தால் பூட்டோடு சேர்த்து இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கும். ஒரு இஞ்ச் ஜிஐ பைப்பில் செய்து தருகிறேன் என்று வெல்டிங் பட்டறையில் சொல்வார்கள். அது மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் போகும், 18 அடிக்கு 13 கிலோ. கொடிக்கம்பத்துக்கு ஆகும். பிவிசி பைப்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம், வெயிலில் நின்றால் தானாகவே குனியும். கண்ணாடி இழைக் கம்பு அலுமினியத்தைவிடக் கொஞ்சம் அதிகம் வளையும். கார்பன் இழை எல்லாவற்றிலும் லேசு, எல்லாவற்றிலும் விறைப்பு, விலையும் அப்படி. மின்சாரம் பற்றி வரும்போது இந்த இரண்டுக்கும் திரும்ப வருகிறேன்.

கடையில் சோதிப்பது எப்படி? முழுசாக இழுத்துப் பூட்டி, தரையில் ஊன்றி, உங்கள் உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துங்கள். ஒரு விரல் இறங்கினாலும் வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் கையை நனைத்துக்கொண்டு பூட்டைத் திறந்து மூடிப் பாருங்கள். திருகு லாக் உலர்ந்த கையில் நன்றாகத்தான் பிடிக்கும், சோப்புக் கையில் வழுக்கும். எந்தப் பக்கம் திருகினோம் என்பதும் மறந்துபோகும். கிளிப் லாக் பார்த்தாலே தெரியும், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று. அதில் ஒரு சின்ன ஸ்குரு இருக்கும், தளர்ந்தால் முறுக்கிக்கொள்ளலாம். எனக்குக் கிளிப் லாக்தான். அந்தக் கிளிப் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். குழாய் வளைந்து நான் கம்பைத் தூக்கிப்போட்டதில்லை, கிளிப் உடைந்துதான் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் பாருங்கள். முழு வட்டமான குழாய் என்றால் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் திருகிப் பாருங்கள். லாக் கொஞ்சம் லேசாக இருந்தாலும் உள்துண்டு சுற்றிக்கொள்ளும். மேலே வைப்பர் ஒரு பக்கம் திரும்பி நிற்கும், கீழிருந்து பார்த்தால் தெரியாது. நீளவாக்கில் வரிப்பள்ளம் உள்ள குழாயோ, முக்கோண வாக்கில் உள்ள குழாயோ சுற்றாது.

இழுக்கும்போது தடித்த துண்டை முதலில் இழுங்கள், மெல்லியதைக் கடைசியில். கேமரா ஸ்டாண்டு வைத்திருப்பவர்கள் இதைத்தான் செய்வார்கள். பாதி நீளம் போதும் என்கிற இடத்தில் மெல்லிய துண்டு உள்ளேயே கிடந்தால் கம்பு விறைப்பாக நிற்கும். ஒவ்வொரு துண்டும் அடுத்ததற்குள் ஒரு சாணாவது உள்ளே இருக்க வேண்டும். கடைசி வரை இழுத்துக் கட்டினால் பூட்டுக்குப் பக்கத்தில்தான் குழாய் முதலில் நெளியும்.

இனி நுனி. நீளத்தைவிட நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். உங்கள் பெயிண்ட் கடைக் கம்பின் கேள்வியும் இங்கேதான் இருக்கிறது.

கண்ணாடி வேலைக்கென்று வரும் கம்புகளின் நுனி கூம்பு வடிவம். வைப்பர் கைப்பிடியின் அடியில் அதே கூம்புக்குத் துளை இருக்கும், செருகித் தட்டினால் பிடிக்கும். உங்கர், எட்டோரே மாதிரி நிறுவனங்கள் தங்கள் கைப்பிடிக்கென்று தனியாக ஒரு பூட்டும் வைத்திருப்பார்கள். வேறு நிறுவனத்துக் கைப்பிடியைச் செருகினால் உராய்வில் மட்டும் நிற்கும், பூட்டு விழாது. பெயிண்ட் கம்பின் நுனியோ மரை போட்டது. அந்த மரையும் ஒன்றுபோல இருக்காது, துடைப்பக் கம்புக்கு ஒன்று, ரோலருக்கு ஒன்று. துணியைச் சுற்றி, டேப்பைச் சுற்றி இறுக்கிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு நகைக்கடை முகப்பில் முதல் மாடிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வைப்பர் கழன்று, கீழே நின்ற கார் பானெட்டில் விழுந்தது. டேப் ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. கார் உரிமையாளர் நல்ல மனிதர், பாலிஷ் செலவோடு விட்டார். அரை மணி முன்னால் அதே இடத்தில் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்வது இது. கம்பையும் கைப்பிடியையும் கையோடு எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போகிறேன். மரை என்ன, அளவு என்ன என்று வாயால் சொல்லிப் புரியவைக்க முயலாதீர்கள், பொருளைக் கொடுத்துவிடுங்கள். நைலான் ராடில் ஒரு துண்டு கடைந்து தருவார். ஒரு பக்கம் குழாய்க்குள் இரண்டு இஞ்ச் இறுக்கமாகப் போகும், மறுபக்கம் கைப்பிடித் துளைக்கேற்ற கூம்பு. குழாயோடு நைலானையும் சேர்த்துக் குறுக்கே துளைத்து ஒரு ஆணி போட்டு, இரண்டு பக்கமும் மட்டமாக அறைந்துவிடுங்கள். கூம்பிலும் கைப்பிடியிலும் சேர்ந்தாற்போல ஒரு சின்னத் துளை போட்டுக் காட்டர் பின் செருகினால் எந்தத் தட்டலுக்கும் கழலாது. அதற்கு மேல் ஒரு நைலான் கயிறு, கைப்பிடியிலிருந்து கம்புக்கு. ஒரு ஜாண் போதும். பின் விட்டாலும் கயிறு பிடிக்கும். நைலான் எதற்கு, மரம் ஆகாதா என்றால், அவசரத்துக்கு ஆகும். நாள் முழுக்க நனைந்தால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும், பிடி போய்விடும்.

பித்தளையில் கடைந்து கொடுக்கட்டுமா என்று கும்பகோணம் பக்கத்தில் ஒருவர் கேட்டார். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு கடைகிற கை, சும்மா இருக்குமா. அழகாகத்தான் இருந்திருக்கும். இன்று நாம் பிடிக்கும் வைப்பரே பித்தளையில் பிறந்ததுதான். அமெரிக்காவில் ஓக்லாந்து நகரில் ஜன்னல் துடைத்துப் பிழைத்த இத்தாலியர் எட்டோரே ஸ்டெக்கோனே, 1936-இல் காப்புரிமை வாங்கியது பித்தளை வைப்பருக்கு. கையில் பிடித்து இழுக்கப் பித்தளையின் கனம் சுகம், அதுவே கண்ணாடியை அழுத்திக் கொடுக்கும். ஆனால் 15 அடிக்கு மேலே அந்தக் கனம் என்ன செய்யும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கம்பில் மாட்டுவதற்கு அலுமினியச் சட்டம், பிளாஸ்டிக் கைப்பிடி. அகலம் 35 சென்டிமீட்டர். சீக்கிரம் முடியும் என்று 45 போட்டால் ஒரு இழுப்பில் கொஞ்சம் அதிகம் துடைக்கும், ஆனால் நுனி கனக்கும், ஜன்னல் சட்டத்தின் மூலையில் இடிக்கும். பெரிய ஒற்றைக் கண்ணாடிக்கு மட்டும் 45.

நனைக்கும் அப்ளிகேட்டரும் கனம்தான், ஊறின துணி என்பதால் இன்னும் கனம். வாளியிலிருந்து எடுத்ததும் நன்றாகப் பிழிந்து மாட்டுங்கள். வழிய வழியத் தூக்கினால் பாதித் தண்ணீர் கம்பு வழியாக உங்கள் கக்கத்துக்குத்தான் வரும்.

கோணம் ஒரு தனிக் கலை. கையால் துடைக்கும்போது கைப்பிடியை நீங்களே சாய்த்துக்கொள்கிறீர்கள். கம்பில் அது முடியாது. மேல் விளிம்பில் கம்பு கண்ணாடிக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கும், கீழே இழுக்க இழுக்கக் கோணம் விரியும். நேரான கைப்பிடி என்றால் மேலே ரப்பர் சரியாகத் தொடாது, கீழே வரும்போது ரப்பர் மடங்கி நிற்கும். இதற்காகத்தான் மடங்கும் இணைப்பு விற்கிறார்கள், பட்டர்ஃப்ளை நட் வைத்தது. அதன் இரண்டு முகமும் பல் போட்டிருக்கிறதா பாருங்கள். வழவழப்பான முகம் இறுக்கினாலும் நழுவும். இதை மட்டும் பட்டறையில் செய்யாமல் விலைக்கே வாங்கிவிடுங்கள். நான் இரண்டு முறை செய்துபார்த்து இரண்டு முறையும் தோற்றேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் வேக்டெயில் வைப்பரின் தலை தானாகவே திரும்பிக்கொடுக்கும், கம்பு வேலைக்கு அருமையானது. முதல் நாளிலேயே அதை வாங்க வேண்டாம். சாதாரண இணைப்பில் கண்ணாடியின் நடு உயரத்துக்குக் கோணத்தை வைத்துக்கொண்டு, மேலே துடைக்கும்போது ஒரு அடி பின்னால், கீழே வரும்போது ஒரு அடி முன்னால் என்று காலால் சரிசெய்யப் பழகுங்கள்.

இழுப்பு எப்போதும் மேலிருந்து கீழே, நேராக. பாம்பு மாதிரி வளைத்து வளைத்து இழுப்பது கைக்கு எட்டும் கண்ணாடிக்கு. ஒவ்வொரு இழுப்பும் முந்தைய தடத்தின் மேல் இரண்டு விரல் ஏற வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடைக்க வேண்டும். அதற்குக் கம்பை இறக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ரப்பர் கடினமானதாக வாங்குங்கள். மிருதுவான ரப்பர் குளிர் தேசத்துக்கு, நம் வெயிலில் இளகி இழுபடும்.

பிடிக்குச் சைக்கிள் டியூப். சித்திரை வெயிலில் அலுமினியக் கம்பை அரை மணி சாய்த்து வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள், தெரியும். பழைய டியூபை வெட்டிக் கைபடும் இரண்டு இடத்தில் சுற்றிவிட்டால் சூடும் தெரியாது, வழுக்கவும் வழுக்காது. ஆனால் அந்த ரப்பர் ஷாக் அடிக்காமல் காப்பாற்றும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கம்புக்குள் எண்ணெய் விடாதீர்கள். இழுக்கச் சிரமமாக இருக்கிறது என்று என்னிடம் வேலை செய்த பையன் தேங்காய் எண்ணெய் விட்டான். இரண்டு நாள் வெண்ணெய் மாதிரி இழுபட்டது, மூன்றாம் நாள் பூட்டு பிடிக்கவில்லை, அப்புறம் தூசியெல்லாம் சேர்ந்து பசையாகிவிட்டது. சிரமத்துக்குக் காரணம் காய்ந்த சோப்பு. துண்டு துண்டாகக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவித் தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் வேலைக்குப் போய் வந்தால் அன்றைக்கே இதைச் செய்யுங்கள். உப்புக் காற்றில் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், அது துண்டுகளுக்கு இடையில் சேர்ந்தால் சுத்தியால் தட்டினாலும் வராது.

டெல்டாவுக்கென்று இருக்கும் அழுக்கையும் சொல்லிவிடுகிறேன், வெளியூரில் கற்றுக்கொண்டு வந்தவர்களுக்கு இது தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி விளக்குக்கு வரும். கடை முகப்பில் வெள்ளை விளக்கு எரிந்தால் காலையில் கண்ணாடி முழுக்கப் பூச்சிதான். அதன் மேல் நேராக ஈரத்துணியை வைத்தால் அரைத்துப் பூசின மாதிரி ஆகிவிடும். முதலில் கம்பில் மெல்லிய ஒட்டடைத் துடைப்பத்தை மாட்டி உலர்ந்தபடியே தட்டிவிடுங்கள், பிறகு தண்ணீர். தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசியும் அப்படியே. பதரின் சுணை கண்ணாடியில் குத்தி நிற்கும். அந்தச் சமயத்தில் விடியற்காலைப் பனி ஒரு வரம், தூசி தானாக ஊறியிருக்கும். வாளிக்குச் சில சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போதும். வெயில் ஏறினபின் சோப்பு காயும் வேகத்துக்கு உங்கள் கை ஓடாது, அதனால் கிழக்குப் பார்த்த முகப்பை மாலையில், மேற்குப் பார்த்ததைக் காலையில். ஒட்டிய பெயிண்டைச் சுரண்டக் கம்பின் நுனியில் பிளேடு கட்டுவது வேண்டாம், கீழிருந்து அழுத்தம் தெரியாது. கீறல் விழுந்த கண்ணாடிக்கு நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள்.

சரி, தண்ணீர் மேலேறும் கம்பு. இதில் வைப்பரே இல்லை. கம்பின் நுனியில் பிரஷ், அதற்கு ஓஸ் வழியாகத் தண்ணீர். தேய்த்து, அலசி, அப்படியே விட்டுவிடுவது. துடைக்காமலே காய்ந்தால் புள்ளி விழக்கூடாது என்பதால் தண்ணீரில் எதுவும் கரைந்திருக்கக் கூடாது. பிரிட்டனில் 2005-இல் உயரத்தில் வேலை செய்வதற்கான விதிகள் இறுகியதும் ஏணியை விட்டு இதற்குப் பலர் மாறினார்கள். அருமையான முறை, ஒரு ஆள் தரையில் நின்றே மூன்று மாடி செய்யலாம்.

நம் சிக்கல் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை கூட. 500 என்றால் ஒரு லிட்டர் காய்ந்தால் அரைக் கிராம் உப்பு கண்ணாடியில் தங்கும். குடிக்கலாம், கண்ணாடிக்கு ஆகாது. புள்ளி விழாமல் காய வேண்டுமானால் 10-க்குக் கீழே வர வேண்டும். கரைந்த உப்பை அளக்க டிடிஎஸ் மீட்டர் என்று பேனா அளவில் ஒன்று மலிவாக விற்கிறது, அதை வாங்கி நீங்கள் வேலை எடுக்கும் கட்டடத்தின் போர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கடலோரம் போகப் போக எண் ஏறும். வேதாரண்யம் பக்கம் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் குழாயில் வரும்போது ஒரு எண், அதே தெருவின் போரில் வேறு எண். கேன் தண்ணீர் நிலையத்து ஆர்ஓ தண்ணீரே பல இடத்தில் 10-க்கு மேல்தான் காட்டும். அதற்குப் பின்னால், மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் வடிகட்டி ஒன்று வைக்க வேண்டும். ரெசினுக்குள் போகும் தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் அது சீக்கிரம் தீரும். போர் தண்ணீரை நேராக விட்டால் கட்டுப்படியாகாது. மாதா மாதம் ஒப்பந்தம் உள்ள மருத்துவமனை ஒன்றிரண்டு கையில் வந்தபின் யோசியுங்கள். இப்போது வைப்பர்தான். வைப்பர் தண்ணீரை எடுத்துவிடுவதால் உப்பு அவ்வளவாகத் தங்காது. ஏற்கெனவே தங்கிய வெள்ளைப் புள்ளிக்குச் சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீர் அல்லது வினிகர்; அலுமினியச் சட்டத்தில் படாமல், பட்டால் உடனே அலசிவிடும்படி.

மின்சாரம். நம் கடைத்தெருக்களில் முகப்புக்கு முன்னால் கை நீட்டும் தூரத்தில் ஒயர் போகிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை ஒட்டிய களிமேட்டில் அப்பர் சதயவிழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அந்த வாரம் முழுக்க நான் வேலைக்குப் போகவில்லை. அதுவரை ஒயருக்குக் கீழே எத்தனை முறை கம்பை நீட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் இன்றும் வயிற்றைக் கலக்கும்.

அன்றிலிருந்து என் விதி இதுதான்: கம்பை முழுசாக நீட்டிய நிலையில் அது எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடக்கூடாது. தொடும் என்றால் அந்த முகப்புக்குக் கம்பு வேலை கிடையாது. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்று எல்லோருக்கும் தெரியும். கார்பன் இழையும் கடத்தும், அது பலருக்குத் தெரியாது. பார்க்கப் பிளாஸ்டிக் மாதிரி இருப்பதால் ஏமாந்துவிடுவார்கள். கண்ணாடி இழையும் மூங்கிலும் உலர்ந்து சுத்தமாக இருக்கும்வரைதான் நல்லவை. நம் வேலையில் கம்பு எப்போது உலர்ந்து இருந்தது? மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் செய்துகொள்ளலாம் என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். சொன்ன நேரத்துக்கு முன்பே விட்டுவிடுவார்கள். பக்கத்துக் கடை ஜெனரேட்டர் ஒழுங்காக இணைக்காமல் இருந்தால் செத்த ஒயரிலும் உயிர் வரும். கடை உரிமையாளரிடம் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து வழி செய்யச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

கம்பு எட்டவில்லை என்று சன்ஷேடில் ஏறி நின்று நீட்டுவதும் அப்படித்தான். ஏணியில் நின்றபடி கம்பைப் பிடித்தால் இரண்டு கையும் கம்பில், பிடிமானத்துக்குக் கை ஏது? ஆடிக் காற்றில் 12 அடிக்கு மேல் நீட்டினால் கம்பு பாய்மரம் ஆகிவிடும். ஆடி மாதம் பத்து மணிக்கு மேல் நான் உயர வேலை வைத்துக்கொள்வதில்லை. எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். கம்பு பிடித்தவர் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார். கீழே நடந்து வருபவரைப் பார்க்க இன்னொருவர் வேண்டும்.

ஆக, நீங்கள் இப்போது வாங்க வேண்டியது இரண்டு. ஒன்று, நாலரை அடித் துண்டு இரண்டு உள்ள 8 அடிக் கம்பு. நாள் வேலையில் முக்கால்வாசி இதில்தான் நடக்கும், அதனால் காசை இதில் போடுங்கள், நல்ல கூம்பு நுனியோடு. இன்னொன்று 18 அடி. மூன்று துண்டு என்றால் மடக்கினாலும் ஆறரை அடி இருக்கும். டிவிஎஸ் எக்ஸெல்லில் போகிறவர் என்றால் நாலு துண்டாக, 5 அடி சுமாருக்கு மடங்குவதாகப் பாருங்கள். ஒரு பூட்டு கூடுதல், கொஞ்சம் வளைவு கூடுதல், பரவாயில்லை. இந்த இரண்டாவதற்குப் பெயிண்ட் கடைக் கம்பையே எடுத்து லேத்தில் நுனி மாற்றிக்கொள்ளலாம், சுவர் கனமும் பூட்டும் நான் சொன்ன சோதனையில் தேறினால். 22 அடி முகப்பு எப்போதாவது வந்தால் அன்றைக்கு மட்டும் வாடகைக்குச் சாரம் போட்டு அந்தச் செலவைக் கூலியில் சேர்த்துக் கேளுங்கள்.

கல்யாண மண்டபத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உள்ளே உயரத்தில் இருக்கும் கண்ணாடிக்கு வைப்பர் வேண்டாம், சொட்டுகிற தண்ணீர் சுவர் பெயிண்டில் கோடு போடும். கம்பின் நுனியில் தட்டையான மைக்ரோஃபைபர் பேடு மாட்டி, தண்ணீரைத் தெளிப்பானில் லேசாகப் பேடில் மட்டும் அடித்துத் துடையுங்கள், பின்னால் உலர்ந்த பேடு ஒன்று. மேடைக்கு மேலே அலங்காரக்காரர்கள் கட்டிவிட்டுப் போன சீரியல் விளக்கு ஒயர் தொங்கும். மேனேஜரிடம் சொல்லி அந்த சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லிவிட்டுக் கம்பை நீட்டுங்கள்.